பாலித் இருக்கை

பணம் கொடுத்த இருவரும் வக்கீல்கள். அதைக் கேட்டு வாங்கியவர் ஐகோர்ட் நீதிபதி. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி பிறந்த கதையில் விஞ்ஞானிகள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறார்கள்.

தாரக்நாத் பாலித் பேர்பெற்ற பாரிஸ்டர். சுதேசி இயக்கம் சூடுபிடித்திருந்த 1906-லேயே வங்காளத் தொழில்நுட்பக் கல்விக்குக் கைகொடுத்தவர். 1912-ல் நிலமாகவும் ரொக்கமாகவும் சுமார் 15 லட்சம் ரூபாய் சொத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு இன்னொரு வழக்கறிஞர் ராஷ்பிகாரி கோஷ் 10 லட்சம் கொடுத்தார். இவர்கள் இருவரிடமும் பேசி முடித்தவர் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி. நீதிபதி வேலை பிழைப்புக்கு. கணிதம் அவருக்கு உயிர். பல்கலைக்கழகம் என்றால் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் ஆபீஸ் என்றிருந்த நிலையை மாற்றி, அங்கேயே ஆராய்ச்சியும் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்.

பாலித் பணத்தில் இயற்பியலுக்கு ஒன்றும் வேதியியலுக்கு ஒன்றுமாக இரண்டு பேராசிரியர் பதவிகள் உண்டாயின. முதலைத் தொடாமல், அதன் வருமானத்தில் பேராசிரியருக்குச் சம்பளம் தருவது ஏற்பாடு. இதைத்தான் அறக்கட்டளை இருக்கை என்கிறோம். பாலித் தொழில்முறை வக்கீல் என்பதால் பத்திரத்தில் நிபந்தனைகளும் கறாராக இருந்தன. முதலாவது, இருக்கையில் அமர்பவர் இந்தியராகவே இருக்க வேண்டும். அன்றைய நிலவரம் தெரிந்தால் இதன் காரம் புரியும். அரசுக் கல்லூரிகளின் உயர்ந்த பதவிகளில் பெரும்பாலும் வெள்ளையர்களே இருந்தார்கள். 1885-ல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்த ஜகதீச சந்திர போசுக்கே ஐரோப்பியரைவிடக் குறைந்த சம்பளம்தான். அதை ஏற்காமல் மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார் அவர்.

இரண்டாவது நிபந்தனை, பேராசிரியர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பது. இந்தியர்தான் வேண்டும், ஆனால் சீமையில் படித்த இந்தியர். பாலித் காலத்து தேசியவாதிகளின் மனம் அப்படித்தான் இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல ஆய்வுக்கூடத்தை இங்கே எங்கும் பார்க்க முடியாத நாளில் அது நியாயமான கவலைதான்.

இயற்பியல் இருக்கைக்கு அசுதோஷ் மனதில் வைத்திருந்த ஆள் அந்த நிபந்தனைக்குள் அடங்கவில்லை. அவர் சி.வி. ராமன். திருச்சியில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரி எம்.ஏ., இந்திய நிதித்துறையில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல். 1907-ல் 18 வயதில் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தவர், பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் கிட்டத்தட்ட ஆளில்லாமல் கிடப்பதைக் கண்டார். அன்று முதல் ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கேதான். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்து, 1911-ல் மீண்டும் கல்கத்தா. கணக்குப் புத்தகத்தை மூடியபின் கிடைத்த நேரத்தில் அதிரும் தந்திகளைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தார்.

மாணவப் பருவத்தில் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பும் பேச்சு ஒருமுறை வந்தது. இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று சென்னையில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் சொல்லிவிட, அதோடு நின்றது. இப்போது இருக்கைக்காக வெளிநாடு போய்ப் பயின்று வரலாமே என்றபோது தடுத்தது டாக்டர் அல்ல, ராமனே. பயிற்சிக்கென்று எங்கும் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அசுதோஷ் ஆளை மாற்றவில்லை, நிபந்தனையைத் தளர்த்தினார். பத்திரத்தின் எழுத்தைவிட அதன் நோக்கம் பெரிது என்று பார்க்கத் தெரிந்த நீதிபதி. ராமனிடம் முனைவர் பட்டம்கூட அப்போது கிடையாது. இன்றைய தேர்வுக் குழுவுக்கு அந்த விண்ணப்பம் போயிருந்தால் முதல் சலிப்பிலேயே விழுந்திருக்கும்.

அறிவியல் கல்லூரிக்கு 1914 மார்ச் 27-ல் அப்பர் சர்க்குலர் ரோடு 92-ஆம் எண் மனையில் அடிக்கல் நாட்டினார்கள். ராமன் வரப்போகும் செய்தியும் அந்த விழாவிலேயே சொல்லப்பட்டது. ஆனால் நிதித்துறையிலிருந்து விடுபட்டு அவர் வந்து சேர 1917 ஜூலை ஆகிவிட்டது. சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வகுப்பெடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆராய்ச்சி செய்வதும் மற்றவர்களைச் செய்ய வைப்பதுமே கடமை. ஆனாலும் எம்.ஏ., எம்.எஸ்சி. மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

வேதியியல் இருக்கை பிரபுல்ல சந்திர ராய்க்குப் போனது. 1921-ல் 60 வயது ஆனதும், அதற்குமேல் வரும் சம்பளம் முழுவதையும் வேதியியல் துறைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, கல்லூரிக் கட்டடத்தில் ஓர் அறையிலேயே அவர் குடியிருந்தார். இவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே இயற்பியலைப் பின்தொடர்வோம்.

பாலித் பேராசிரியராக ராமன் செய்த பேர்பெற்ற ஆய்வுகள் பல்கலைக்கழகக் கட்டடத்தில் நடந்தவை அல்ல. சம்பளம் சர்க்குலர் ரோட்டில், சோதனை பௌபஜாரில். 1919-ல் கழகத்தின் கௌரவச் செயலாளராகவும் ஆனபின் இரண்டு இடமும் அவர் கையில். பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்தவர்களும் தெற்கிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் பௌபஜாரில்தான் கூடினார்கள். பாலக்காட்டு கே.ஆர். ராமநாதன், வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன் என்று நீளும் அந்த வரிசை வங்காளிகள் சிலருக்கு உறுத்தியதும் உண்டு.

ஆரம்பத்தில் ஒலிதான் அவர் பிடித்துக்கொண்டது. இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக அமையாது. அதனால் சாதாரணப் பறையொலியில் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் அப்பிய கரணை அந்தத் தோலின் எடையைச் சரியான இடத்தில் கூட்டி, மேல்சுரங்களை முழு மடங்குகளுக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. இதை 1920-ல் சிவகாளி குமார் என்ற மாணவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் ராமன் எழுதினார். கரணை போடும் கைவினைஞர்கள் கணக்குப் போடாமலே எட்டிய இடம் அது.

1921-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்கு கல்கத்தாவின் பிரதிநிதியாகக் கப்பலேறினார். பயிற்சிக்குப் போகாதவர் பிரதிநிதியாகப் போனார். திரும்பும் வழியில் 'நர்க்குண்டா' கப்பலின் தளத்தில் நின்று மத்தியதரைக் கடலை ஒரு நிக்கல் பட்டகம் வழியாகப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பை அந்தப் பட்டகத்தால் வெட்டிவிட்டாலும் கடலின் நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே 'நேச்சர்' இதழுக்கு எழுதிப் போட்டார். அடுத்த ஏழு ஆண்டுகள் இந்த ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போனார்.

1928 தொடக்கத்தில் பௌபஜார் ஆய்வுக்கூடத்தில் இருந்தது இவ்வளவுதான்: இருட்டறை, அதற்குள் வெயிலைத் திருப்பிவிடும் கண்ணாடி, வெயிலைக் குவிக்க 7 அங்குலத் தொலைநோக்கி லென்ஸ், தூசி துளியும் இல்லாமல் வடித்தெடுத்த திரவம் அடங்கிய குடுவை. வெயில் நுழையும் வழியில் ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி. பார்ப்பவர் கண்முன் ஊதாவை அறவே தடுத்துப் பச்சையை மட்டும் விடும் வடிகட்டி. இரண்டையும் ஒன்றாக வைத்தால் முழு இருட்டு. திரவத்தில் ஒளி வெறுமனே சிதறினால் நிறம் மாறாது, எனவே எதுவும் தெரியக்கூடாது. கிருஷ்ணன் பார்த்தார், மங்கலாக ஒரு கீற்று தெரிந்தது. திரவத்தை மாற்றினார்கள், அதிலும் தெரிந்தது. இப்படிச் சுமார் 60 திரவங்கள். ராமநாதன் 1923-லேயே இந்த மங்கல் கீற்றைப் பார்த்திருந்தார். திரவத்தில் ஏதோ அசுத்தம் ஒளிர்கிறது என்ற சந்தேகம் அப்போது தீரவில்லை.

பிப்ரவரி 28 அன்று வெயிலுக்குப் பதில் பாதரச விளக்கை வைத்து நிறமாலைமானியில் பார்த்தார்கள். விளக்கில் இல்லாத புதிய கோடுகள் சிதறிய ஒளியில் இருந்தன. ஒளித்துகள் மூலக்கூறின்மேல் மோதும்போது தன் ஆற்றலில் ஒரு பங்கை அதன் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு நிறம் மாறி வெளியே வருகிறது. எவ்வளவு கொடுத்தது என்பது அந்த மூலக்கூறைப் பொறுத்தது. ஆகவே கோடுகளின் வரிசை அந்தப் பொருளின் கைரேகை. 1930-ல் நோபல் பரிசு. 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக ராமன் கிளம்பினார்.

அவருக்குப்பின் அமர்ந்த தேபேந்திர மோகன் போஸ், ஜகதீச சந்திர போசின் சகோதரி மகன். ராமனும் இவரும் ஒருவருக்கொருவர் நேர்மாறு. இவர் கேம்பிரிட்ஜ், லண்டன் பார்த்தவர். 1914-ல் பெர்லினுக்கு மேற்படிப்புக்குப் போய், உலகப்போர் மூண்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டு, 1919-ல் முனைவர் பட்டத்தோடு திரும்பியவர். பாலித் கேட்ட வெளிநாட்டுப் பயிற்சி இவரிடம் வட்டியோடு இருந்தது. 1937-ல் மாமா இறந்ததும், அடுத்த ஆண்டு போஸ் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். அது அறிவியல் கல்லூரிக்குப் பக்கத்து வாசல்தான். அங்கேதான் விபா சௌதுரியுடன் சேர்ந்து டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் போட்டோ தகடுகளை மாதக்கணக்கில் வைத்து, காஸ்மிக் கதிர்த்துகள்கள் அவற்றில் விட்ட தடங்களை அளந்தார். எலெக்ட்ரானைப்போல் சுமார் 200 மடங்கு நிறையுள்ள துகள் என்று 1941, 42-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். போர்க்காலத்தில் இன்னும் தரமான தகடுகள் கிடைக்கவில்லை, வேலை நின்றது. அதே முறையை நல்ல தகடுகளோடு கையாண்ட செசில் பவலுக்கு 1950-ல் நோபல் பரிசு போனது. பாலித் பேராசிரியர்களைப் பற்றிப் பேசும்போது தேபேந்திர மோகனை ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். அது சரியில்லை.

1938-ல் மேகநாத் சாஹா வந்தார். டாக்காவுக்கு அருகே சியோரதாலி கிராமத்து மளிகைக்கடைக்காரரின் மகன். இதே அறிவியல் கல்லூரியில் 1916-ல் சத்யேந்திரநாத் போசுடன் விரிவுரையாளராகச் சேர்ந்தவர். விண்மீனின் நிறமாலையை வைத்து அதன் வெப்பநிலையைச் சொல்லும் சமன்பாட்டை 1920-ல் எழுதி உலகப் பெயர் பெற்றவர். 15 ஆண்டுகள் அலகாபாத்தில் இருந்துவிட்டு வந்தவருக்கும் ராமனுக்கும் ஆகாது. அது ஊரறிந்த பகை.

சிறு கருவிகளின் காலம் முடிந்தது என்பது சாஹாவின் கட்சி. அணுக்கருவை உடைக்க சைக்ளோட்ரான் வேண்டும் என்றார். மாணவர் பி.டி. நாக்சௌதுரியை அதை உருவாக்கிய லாரன்சிடமே, பெர்க்லிக்கு அனுப்பினார். நேருவின் ஆதரவும் டாட்டா அறக்கட்டளையின் பணமும் கிடைத்தன. மின்னூட்டத் துகள்களைக் காந்தத்தின் நடுவே சுற்றவிட்டு, அரைச் சுற்றுக்கு ஒருமுறை உந்தித்தள்ளி வேகமேற்றும் எந்திரம் அது. உள்ளே காற்று கொஞ்சம் இருந்தாலும் துகள்கள் அதில் மோதிச் சிதறிவிடும். வெற்றிடப் பம்புகள் இல்லாமல் காந்தம் வெறும் இரும்பு. அந்தப் பம்புகளை ஏற்றி வந்த கப்பலோ போரில் மூழ்கியது. பம்புகளை இங்கேயே செய்ய முயன்றார்கள், வருடங்கள் ஓடின. எந்திரம் ஓரளவு ஓடத் தொடங்கியபோது உலகம் எங்கோ போய்விட்டிருந்தது. ஆனால் அந்தப் போராட்டத்தில் எம்.எஸ்சி. பாடத்திட்டத்துக்குள் அணுக்கரு இயற்பியல் வந்தது. வெற்றிடமும் மின்னணுவியலும் கையால் தெரிந்த ஒரு தலைமுறை உருவானது. சைக்ளோட்ரானைவிட அதுவே பெரிய வரவு என்பது என் கணக்கு.

சாஹா கட்டியதும் பல்கலைக்கழகத்துக்குள் தங்கவில்லை. 1950 ஜனவரியில் ஐரீன் ழோலியோ கியூரி திறந்துவைத்த அணுக்கரு இயற்பியல் நிறுவனம் தனி அமைப்பாகி, 1956-ல் சாஹா இறந்தபின் அவர் பெயரையே தாங்கியது. ராமனின் பௌபஜார், தேபேந்திர மோகனின் பக்கத்து வாசல், சாஹாவின் நிறுவனம்: பாலித் பணம் ஆளைப் பிடித்தது, அவர்களின் பெரிய வேலையெல்லாம் துறைக்கு வெளியே போய் வளர்ந்தது. பல்கலைக்கழகத் துறைகள் மெலிந்து தனி ஆய்வு நிறுவனங்கள் கொழுத்த இந்திய அறிவியலின் வழி, இந்த ஓர் இருக்கையின் வரலாற்றிலேயே தெரிந்துவிடுகிறது.

சாஹா 1952-ல் சுயேச்சையாக நின்று வென்று மக்களவைக்குப் போனார். அவருக்குப்பின் பாலித் பேராசிரியரானவர், பெர்க்லி போய் வந்த அதே நாக்சௌதுரி. பிற்பாடு அவர் சாஹா நிறுவனத்தின் இயக்குநர், திட்டக் கமிஷன் உறுப்பினர், பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர் என்று போய், 1974-ல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார்.