இழுப்பறையைத் திறந்தால் வயது தெரியும்

உங்களுக்குத் தெரியுமா?

பழைய அமெரிக்கப் படுக்கையறை அலமாரியின் இழுப்பறையை உருவி, பக்கப்பலகையும் முன்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். வரிசையாகப் பிறை வடிவங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமாக ஒரு மரமுளை தெரிகிறதா? அந்த இழுப்பறை பெரும்பாலும் 1871-க்கும் 1900-க்கும் இடையில் செய்தது!

• இந்தப் பிறை இணைப்பை வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் விஸ்கான்சின் மாநிலத்துச் சார்லஸ் நாப். பிறகு, புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் புறாவால் இணைப்பையே (dovetail) இயந்திரங்கள் வெட்டத் தொடங்கின, பிறை மறைந்தது.

• புறாவால் பற்கள் அளவு மாறி, சற்றே கோணலாக இருந்தால் கைவேலை. எல்லாம் ஒரே அச்சு என்றால் இயந்திரம்.

• ஸ்டார் ஸ்க்ரூ 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. ஆனால் அது பின்னாளில் பழுதுபார்த்தபோது போட்டதாகவும் இருக்கலாம். ஒற்றை ஸ்க்ரூவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

• கைப்பிடி மாற்றியதை உள்பக்கத்துப் பழைய துளைகள் காட்டிக்கொடுக்கும், விலை இறங்கும். பழைய மேற்பூச்சைச் சுரண்டிப் புது வார்னிஷ் அடித்தாலும் அப்படித்தான். பளபளப்புக்கு ஆசைப்பட்டுக் காசை இழப்பவர்கள் ஏராளம்.

• கட்டில் கதை வேறு. எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்றைய மெத்தை அளவுக்குப் பொருந்தாவிட்டால் பேரம் படிவது கஷ்டம்.