ஒரகடத்து ஏரிகளும் ஆரல் கடலும்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. கட்டுக்கதை இல்லை. இந்திய நிலவியலில் ‘ஸ்ரீபெரும்புதூர் படிவுகள்’ என்று இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு பாறைத் தொகுதி உண்டு. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கிழக்கிலிருந்து உள்ளே ஏறிவந்த ஆழமில்லாத கடல் விட்டுச்சென்ற களிப்பாறையும் மணற்கல்லும் அதில் இருக்கின்றன. கரையில் முளைத்த செடிகளின் இலைத்தடமும் கடலில் வாழ்ந்த சிப்பிகளின் தடமும் இந்தப் படிவுகளில் சேர்ந்தே கிடைக்கின்றன. பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்துப் பெயர்பெற்ற ராபர்ட் புரூஸ் ஃபூட், 19ஆம் நூற்றாண்டில் இவற்றையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அந்தக் கடல் போகும்போது ஒரு சிக்கலையும் வைத்துவிட்டுப் போனது. களிப்பாறையின் துளைகள் மிக நுண்ணியவை. தண்ணீரை உறிஞ்சும், ஆனால் கிணற்றுக்கு லேசில் விட்டுக்கொடுக்காது. மழையோ பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு மற்ற மாதங்களில் குறைவாகத்தான் எட்டிப் பார்க்கும். நிலத்தடியை நம்ப முடியாத ஊர்க்காரர்கள் தரைக்கு மேலேயே தண்ணீரைப் பிடித்துவைத்தார்கள். ஒருங்கிணைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறைக் கணக்கில் மட்டும் 900-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தது இப்படித்தான். ஒவ்வொன்றும் தனிக்குளம் கிடையாது. மேல் ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கலில் வழிந்தால் அது கீழ் ஏரிக்கு வரத்து. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் வழிந்தால் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். ஒரகடம் பக்கத்து வெள்ளம் அடையாற்றைத் தேடி ஓடும்.

வல்லக்கோட்டை இந்த ஏரி வலைக்குள் இருக்கிற ஊர். கிருத்திகைக்கு முருகன் கோயில் வாசலில் கூட்டம் நெரியும். சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கார் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசை கட்டும். ஒரு பக்கம் ஒரகடம் சிப்காட் தொழிற்பூங்கா, இன்னொரு பக்கம் வல்லம் வடகால் சிப்காட். ரெனோ-நிஸ்ஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு எல்லாம் வந்தது கடந்த இருபது ஆண்டுகளுக்குள்தான்.

இந்த ஆலைகளுக்கெல்லாம் வெகு முந்திய, செங்கல்பட்டு வட்டாரத்துப் பழைய ஏரிகளின் கலங்கலை நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில்படும். கலங்கலின் தலையில் முழங்கால் உயரத்துக்குக் குத்துக்கற்கள் வரிசையாக நட்டிருக்கும். வெள்ளக் காலத்தில் கற்களின் இடைவெளியில் தண்ணீர் தாராளமாக வழியும். பெருமழை ஓய்ந்தபின் அந்த இடைவெளிகளை மண்ணும் புல்கரணையும் வைத்து அடைப்பார்கள். ஏரியின் நீர்மட்டம் சில அங்குலம் கூடும். அடுத்த பருவத்துக்கு முன் பிரித்துவிடுவார்கள். கரைக்கு ஆபத்தில்லாமல் கடைசிச் சொட்டுவரை பிடிக்கிற இந்த ஏற்பாட்டுக்கு மோட்டாரும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். மழையைக் கவனிக்கிற ஒரு ஆள் போதும். இன்று அந்த ஆள்தான் இல்லை.

வரத்தும் கரையும் சேர்ந்த இதே கணக்கை மத்திய ஆசியாவில் ஒரு கடலை வைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே இருக்கும் ஆரல், 1960-இல் ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். பெயர்தான் கடல், அப்போது உலகின் நான்காவது பெரிய ஏரி. அமு தர்யா, சிர் தர்யா என்ற இரண்டு ஆறுகளே அதற்கு வரத்து. சோவியத் அரசு இரண்டையும் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. கால்வாய்கள் பல வெறும் மண்கால்வாய்கள். வயலுக்குப் போவதற்குள் கணிசமான தண்ணீர் மணலுக்குள் இறங்கியது. 1987-இல் கடல் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்தது. உப்பு ஏற ஏற பூர்விக மீன்கள் அழிந்தன. மொய்னாக் துறைமுகத்தில் படகுகள் மணலில் உட்கார்ந்தன. காய்ந்த கடல்தரையிலிருந்து கிளம்பிய புழுதியில் உப்போடு பருத்திக்கு அடித்த பூச்சிமருந்தின் எச்சமும் பறந்தது.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தோடு நின்றுவிடும். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. வடக்கு ஆரலுக்கு சிர் தர்யா கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தது. அதுவும் தெற்குப் பள்ளத்துக்கு வழிந்து வெயிலில் ஆவியானது. 1990-களில் உள்ளூர்க்காரர்களே குறுக்கே மணல்கரை போட்டார்கள். நீர்மட்டம் ஏறியது, மீனும் திரும்பத் தொடங்கியது. 1999-இல் ஒரு புயல் அந்தக் கரையை அடித்துக்கொண்டு போனது. பிறகு கஜகஸ்தான் அரசும் உலக வங்கியும் சேர்ந்து 2005-இல் கோக்-ஆரல் என்ற இடத்தில் சுமார் 13 கிலோமீட்டர் கரையை மதகோடு கட்டி முடித்தன. மேலே சிர் தர்யாவின் மடைகளும் கரைகளும் சீர்செய்யப்பட்டன. பல ஆண்டுகள் பிடிக்கும் என்று எதிர்பார்த்த நீர்மட்டம் சில மாதங்களிலேயே வந்துவிட்டது. உப்பு குறைந்தது. நன்னீர் மீன்கள் ஆற்றிலிருந்து இறங்கி வந்தன, மீன்பிடித் தொழில் மறுபடி நடக்கிறது.

தெற்கு ஆரலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அமு தர்யா அங்கே எட்டுவதே அபூர்வம். வராத தண்ணீருக்குக் கரை எதற்கு? ஆகவே உஸ்பெகிஸ்தான் 2018 முதல் காய்ந்த தரையில் சாக்ஸால் என்ற பாலைவனப் புதரை லட்சக்கணக்கான ஹெக்டேரில் நட்டுவருகிறது. அது கடலைக் கொண்டுவராது, புழுதியைப் பிடித்துவைக்கும்.

வடக்கைக் காப்பாற்றியது கரை மட்டும் இல்லை, கரைக்குப் பின்னால் வந்துசேர்ந்த ஆறு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நடக்கும் ஏரிச் சீரமைப்பு இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கிறது. தூர் வாருகிறோம், கரையைப் பலப்படுத்துகிறோம், நடைபாதைக்கு பேவர் பிளாக் பதிக்கிறோம், பெயர்ப்பலகை வைக்கிறோம். வரத்துக்கால்வாய் எந்த மதில்சுவருக்கு அடியில் போனது என்று கடைசியில்தான் தேடுகிறோம், தேடினால். தூர் வாருவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தக் குழியில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது, பம்பு வைக்க வேண்டும். மண் விற்பவருக்கு லாபம், ஆயக்கட்டு வயல்களுக்கு ஒன்றுமில்லை.

நீர்ப்பிடிப்புப் பகுதியில் கிராவல் கொட்டி மேடாக்கிக் கூரையும் கான்கிரீட்டும் போட்டபின் மழைநீரின் நடையே மாறிவிடுகிறது. மண்ணில் ஊறி நாள்கணக்கில் கசிந்துவர வேண்டியது மணிக்கணக்கில் வந்து சேர்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதில் மேலே இருக்கும் இந்த ஏரிகளின் வெள்ளத்துக்கும் பங்கு உண்டு. நாலே வருடத்தில், 2019 கோடையில், 3,645 மில்லியன் கன அடி பிடிக்கும் செம்பரம்பாக்கம் வெடித்த சேறாகக் கிடந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு முதல் ரயில் சென்னைக்கு வந்தது.

அந்த 25 லட்சத்தை இன்னொரு எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். வல்லம் வடகாலில் 2024-இல் பெண் தொழிலாளர்களுக்காகத் திறக்கப்பட்ட குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். நகர்ப்புறத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலால் பெருக்கினால் 25 லட்சம் லிட்டரைத் தாண்டுகிறது. ஒரே வளாகம், தினம் ஒரு ஜோலார்பேட்டை ரயில். வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அந்த வேலைக்குப் பின்னால் இத்தனை தண்ணீர் இருக்கிறது என்பது மட்டும் ஏரிக்கணக்கில் ஏற வேண்டும்.

ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. கோயம்பேட்டில் சென்னைக் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து, நுண்வடிகட்டி, ஆர்.ஓ., ஓசோன் எல்லாம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். முழுத்திறனில் ஒரு வருடம் ஓடினால் சுமார் 580 மில்லியன் கன அடி. 2020-இல் சென்னையின் ஐந்தாவது நீர்த்தேக்கமாகத் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகையின் மொத்தக் கொள்ளளவே 500 மில்லியன்தான். மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஊர் குளிக்கும்வரை இந்த வரத்து நிற்காது. பாய்லருக்கும் பெயின்ட் ஷாப்புக்கும் ஏரித் தண்ணீர் எதற்கு? ஆனால் ஆர்.ஓ. கழித்துவிடும் உவர்நீரை எங்கே விடுவது என்பதையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரை எடுத்தால் உப்பு மிஞ்சும். ஆரலில் நடந்ததும் அதுதான், எந்திரம் இல்லாமல்.

ஏரியைக் கவனிக்க ஆள் வைப்பது இங்கே புதிதல்ல. வல்லக்கோட்டையிலிருந்து அதிக தூரமில்லாத உத்திரமேரூரில் இருக்கும், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. நாம் அதில் தேர்தலைத்தான் மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். ஏரிக்கென்று தனியாக ஒரு வாரியம் இருந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்று அந்த வாரியத்தின் வேலையைத் தொடங்க எவருக்கும் ஓலை விழ வேண்டியதில்லை. கிராமத்து ‘அ’ பதிவேடும் புல வரைபடமும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கின்றன. எந்தச் சர்வே எண் வாய்க்கால் புறம்போக்கு, எது ஏரி உள்வாய் என்பது அதில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நல்ல மழை பெய்த மறுநாள் வரத்துக்கால்வாயின் தடத்தில் நடந்தால், தண்ணீர் எந்தச் சுவரில் முட்டித் திரும்புகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். கிராமசபையில் மனு எழுத அந்த ஒரு சர்வே எண் போதும்.