உங்களுக்குத் தெரியுமா? தாரா ஆற்றின் பாலம்

மான்டினீக்ரோ நாட்டின் துர்மித்தோர் மலைப்பகுதி 1980 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் ஓரமாக ஓடும் தாரா ஆறு சுமார் 1,300 மீட்டர் ஆழத்துக்குச் சுண்ணாம்புப் பாறையை அறுத்திருக்கிறது. ஐரோப்பாவின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் இதுவும் ஒன்று. ரப்பர் படகில் சீறும் நீரில் இறங்குவதற்காகவே பலர் வருகிறார்கள்.

அண்ணாந்து பார்த்தால் 1940இல் கட்டி முடிக்கப்பட்ட கான்கிரீட் வளைவுப் பாலம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படையைத் தடுக்க, 1942இல் அதன் ஒரு வளைவைத் தகர்க்க உதவியவர், அதைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவரான லாசர் யவுகோவிச்! பிடிபட்ட அவரை அந்தப் பாலத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு அங்கே நினைவுச் சின்னம் உண்டு; அவசியம் பாருங்கள்.

துர்மித்தோரின் 2,523 மீட்டர் உயர பொபோதோவ் குக் சிகரத்தில் ஏற விரும்பினால் ஜூலை முதல் செப்டம்பர் வரை செல்லுங்கள். அதற்கு முன்னால் பாதையில் பனி கிடக்கும்.