இயந்திரத்தின் அருகிலா, கட்டுப்பாட்டறையிலா?

தொழிற்சாலை இயந்திரத்தின் நிலையை அறியவும் அதற்கு ஆணையிடவும் உதவும் திரை, விளக்கு, பொத்தான் ஆகியவற்றின் தொகுதி ஆபரேட்டர் பேனல் எனப்படுகிறது. அதை ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கத்திலும் பொருத்துவதா, அனைத்தையும் ஒரே கட்டுப்பாட்டறையில் சேர்ப்பதா என்பது செலவுக் கணக்காக மட்டும் பார்க்கப்படுவதுண்டு. உண்மையில் அது, ஆலையை நடத்துபவர் எதைத் தம் கண்ணால் காண்பார், எதைக் கருவியின் சொல்லை நம்பி ஏற்பார் என்பதைத் தீர்மானிக்கும் முடிவாகும்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கலத்தின் அழுத்தம் மாறினால் அடுத்த கலங்களும் அதற்கேற்ப மாறுவதால், முழு ஓட்டத்தையும் ஒருங்கே பார்க்கும் மையக் கட்டுப்பாட்டறை அங்கே தவிர்க்க முடியாதது. ஆயினும் அந்த அறை அறிவது உணரிகள் அனுப்பும் செய்தியை மட்டுமே. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவனில் இருந்த டெக்சகோ சுத்திகரிப்பு ஆலையில், மின்னல் புயலால் இயக்கம் குலைந்த பின், ஒரு கட்டுப்பாட்டு வால்வு மூடியே கிடக்க, திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. வெளியேற வழியில்லாத திரவம் கலத்தில் நிறைந்துகொண்டிருந்தபோது, அதன் மூலத்தை உணர்த்தக்கூடிய முழுமைக் காட்சி எதுவும் திரையில் இல்லை. இறுதியில் அங்கே வெடிப்பு நிகழ்ந்தது. அதற்கு முந்திய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் 275 எச்சரிக்கைகளை எதிர்கொண்டார்கள் என்று பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் பதிவுசெய்தது. எவ்வளவு திறமையான ஊழியராலும் அவற்றை அந்த நேரத்திற்குள் படித்து, பிரித்து, செயல்பட இயலாது. அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று.

பொருள்களைப் பெட்டியில் அடைக்கும் இயந்திரத்தின் நிலைமை வேறு. சிக்கிய அட்டையைக் காண்பவர் அதன் முன் நிற்பவரே என்பதால், இயக்கும் உரிமையும் அவரிடமே இருப்பது பொருந்தும்.

பெரும்பாலான ஆலைகளுக்கு இரண்டும் தேவை. அப்போது எந்த நேரத்தில் யாருடைய ஆணை செல்லும் என்பதே கடினமான கேள்வியாகிறது. அதற்காகவே ‘லோக்கல்–ரிமோட்’ என்னும் தேர்வு சுவிட்ச் உள்ளது. அதை இயந்திரத்தின் அருகில் வைத்து, லோக்கலுக்குத் திருப்பியதும் கட்டுப்பாட்டறையின் இயக்க ஆணை செல்லாதபடி செய்து, அந்த நிலையை மையத் திரையிலும் காட்ட வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் இயந்திரத்தின் அருகே கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, எந்த நிலையிலும் செயல்பட வேண்டும். பழுதுபார்க்க உள்ளே கைவைப்பவருக்கோ இவை இரண்டுமே போதா. அவர் மின் இணைப்பைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.