பரிசும் பண்பும்

குழந்தைகளிடம் நற்பழக்கங்களை வளர்க்கப் பெற்றோரும் ஆசிரியரும் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் வழிகளுள் ஒன்று பரிசளித்தல். வீட்டுப்பாடம் முடித்தால் மிட்டாய், முதல் மதிப்பெண் பெற்றால் மிதிவண்டி எனப் பரிசின் வடிவம் வீட்டுக்கு வீடு மாறுபடும். அப்பரிசு பழக்கத்தை வளர்க்கிறதா, பரிசின்மீது ஆசையை மட்டும் வளர்க்கிறதா என்பது ஆராயத்தக்கது.

பரிசின் ஆற்றல்

அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்டு தார்ன்டைக், பூனைகளைப் பெட்டியில் அடைத்து, வெளியே உணவை வைத்து ஆராய்ந்தார். தற்செயலாகத் தாழை விலக்கி வெளிவந்த பூனை, அடுத்தடுத்த முயற்சிகளில் மேன்மேலும் விரைவாக வெளிவந்தது. இன்பம் தரும் விளைவு, அதற்குக் காரணமான செயலை நிலைபெறச் செய்கிறது என்பது இவ்வாய்விலிருந்து உருவான கருத்தாகும். 1898இல் வெளியான இவ்வாய்வின் தொடர்ச்சியாக, பி.எஃப். ஸ்கின்னர் 'வலுவூட்டல்' என்னும் கோட்பாட்டை விரிவாக்கினார்.

வலுவூட்டல் நன்மை தீமை அறியாது. கடைவீதியில் அடம்பிடித்து அழும் குழந்தையை அமைதிப்படுத்த இனிப்பு வாங்கித் தந்தால், அங்கே வலுப்பெறுவது அமைதியன்று, அழுகையே ஆகும்.

பரிசின் எல்லை

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓவியம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலையர் மூன்று பிரிவினராக்கப்பட்டனர். முதற்பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என முன்னரே கூறப்பட்டது. இரண்டாம் பிரிவினர் வரைந்து முடித்தபின் எதிர்பாராத வகையில் அதைப் பெற்றனர். மூன்றாம் பிரிவினருக்குப் பரிசு இல்லை. சில நாள்களுக்குப்பின், பரிசு ஏதுமின்றி வரைபொருள்கள் வகுப்பறையில் வைக்கப்பட்டன. முதற்பிரிவினர், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியளவே வரைந்தனர். விருப்பத்திற்காகச் செய்த செயல் பரிசுக்கான வேலையாக மாறியதும், பரிசு நீங்கியபோது ஆர்வமும் குறைந்தது. எதிர்பாராத பரிசோ அவ்வாறு ஆர்வத்தைக் குறைக்கவில்லை.

பயன்படுத்தும் முறை

எனவே, குழந்தை விரும்பிச் செய்யும் செயலுக்கு விலை பேசுதல் கூடாது. பல் துலக்குதல், பொருள்களை ஒழுங்காக அடுக்குதல் போன்ற, தொடக்கத்தில் ஆர்வம் எழாத செயல்களுக்குச் சிறு பரிசு துணைசெய்யும். அது செயல் முடிந்தவுடன் தரப்படவேண்டும். பழக்கம் வேரூன்றிய பின்னர்ப் படிப்படியாக விலக்கப்படவேண்டும்.

பாராட்டும் ஒரு பரிசே. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 'அறிவாளி' எனப் பாராட்டப்பட்ட சிறுவர்கள் தோல்விக்குப்பின் விடாமுயற்சியில் பின்தங்கினர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களோ தொடர்ந்து முயன்றனர். ஆகவே, குழந்தையின் திறமையைப் புகழ்வதைவிட, அது மேற்கொண்ட முயற்சியைக் குறிப்பிட்டுப் பாராட்டுவதே சிறந்தது.

கொடியைத் தாங்கும் கொழுகொம்பு போன்றது பரிசு. கொடியின் உயிரோ அதன் வேரில் இருக்கிறது. பரிசளிக்கவோ பாராட்டவோ எவரும் இல்லாத இடத்திலும் நற்செயல் தொடருமாயின், அதுவே பண்பாக மலர்ந்ததற்குச் சான்றாகும்.