கடைக்கால் தோண்டும் முன் கையில் இருக்க வேண்டிய கடிதம்

மனையில் பொக்லைன் இறங்கிய பிறகுதான் சுற்றுச்சூழல் அனுமதி பலருக்கு நினைவுக்கு வருகிறது. அடுக்குமாடி கட்டுகிறவர்களும் சரி, அதில் வீடு வாங்க முன்பணம் கட்டுகிறவர்களும் சரி, சிஎம்டிஏ அல்லது டிடிசிபியின் திட்ட அனுமதி கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்றே இருந்துவிடுகிறார்கள். முடியவில்லை. மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டும் எந்தத் திட்டத்துக்கும் தனியாகச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அது கைக்கு வரும்வரை கட்டடம் எழுப்புவது மட்டுமல்ல, நிலத்தைச் சீர்செய்வதும் கூடாது. வேலி போட்டு நிலத்தைப் பாதுகாக்கலாம். பள்ளம் தோண்டினால் விதிமீறல்.

பரப்பைக் கணக்கிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எஃப்எஸ்ஐ (தளப்பரப்புக் குறியீடு) கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு. இங்கே எல்லாத் தளங்களோடு பேஸ்மென்ட், ஜெனரேட்டர் அறை போன்றவையும் சேரும். எஃப்எஸ்ஐயில் 17,000 காட்டும் திட்டம், இரண்டு பேஸ்மென்ட் பார்க்கிங்கைச் சேர்த்ததும் 22,000 ஆகிவிடலாம். ஒரே திட்டத்தை 'ஏ பிளாக்', 'பி பிளாக்' என்று பிரித்து வரம்புக்குக் கீழே காட்டுவதும் நடக்கிறது. மனை ஒன்று, உள்சாலை ஒன்று, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று என்றால் திட்டமும் ஒன்றுதான். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் நிலமோ இன்னும் கவனம் கேட்கிறது. அங்கே 20,000 என்ற வரம்பைச் சொல்லித் தப்ப முடியாது. சிறு கட்டடமும் விதிக்கு உட்பட்டதே. 2022-ல் ராம்சார் தலமான, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமான, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதிகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025-ல் நிறுத்தி வைத்ததையும் மறக்க வேண்டாம்.

விண்ணப்பம் பரிவேஷ் இணையதளம் வழியே போக வேண்டும். அதை மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழு ஆராயும். அனுமதிக் கடிதம் கொடுப்பது சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இயங்கும் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். குழுவுக்கு 60 நாள், ஆணையத்துக்கு 45 நாள் என்று விதியே கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடுவை மீறி, கேள்விகளைத் தவணை முறையில் கேட்டு இழுத்தடிக்கும் அலுவலகப் பழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் கோப்பு திரும்பி வருவதற்கு விண்ணப்பதாரரின் அலட்சியமும் காரணம். தண்ணீர் தருவதாக உள்ளாட்சியின் கடிதம், வெள்ளம் தேங்குமா என்பது குறித்து நீர்வளத் துறையின் சான்று, கழிவுநீர் போகும் வழி, தோண்டிய மண் போகும் இடம் ஆகியவற்றை முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். கடிதம் வந்த பிறகும் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும், நிறுவுவதற்கான இசைவாணை தனி. கட்டி முடித்தபின் இயக்குவதற்கான இசைவாணை வேறு.

"அரசே திட்ட அனுமதி கொடுத்துவிட்டது, என் மேல் என்ன தப்பு?" என்பார்கள். கேரளத்தின் மரடில் உள்ளாட்சி கொடுத்த கட்டட அனுமதியோடுதான் நான்கு குடியிருப்புகளும் எழுந்தன. கடலோர மண்டல ஆணையத்தின் இசைவு மட்டும் இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாகக் கிடைத்தது அதிகபட்சம் 25 லட்சம் ரூபாய். "பின்னால் அபராதம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாமே" என்போருக்கு ஒன்று: பின்தேதி அனுமதி செல்லாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது, நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைத் திரும்பப் பெற்று, வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது. இப்படி ஆடும் தரையை நம்பியா கோடிகளை இறக்குவது?

வாங்குகிறவர்கள் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நிற்கக் கூடாது. அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். "அப்ளை பண்ணியாச்சு" என்று காட்டும் ரசீது அனுமதி ஆகாது. திரும்பவும் சொல்கிறேன், ஆகாது. கடிதத்திலுள்ள சர்வே எண்களும் உங்கள் ஒப்பந்தத்திலுள்ள சர்வே எண்களும் ஒன்றா, தளங்களின் எண்ணிக்கையும் கட்டுமானப் பரப்பும் பொருந்துகின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். முன்மொழிவு எண்ணைக் கொண்டு பரிவேஷிலும் சரிபாருங்கள். அக்கம்பக்கத்தாருக்கும் வழி உண்டு. அனுமதி வந்த ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில். அனுமதியே இல்லாமல் வேலை நடந்தால், தேதி தெரியும் படங்களோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும். கொடுக்கப்பட்ட அனுமதியையே எதிர்ப்பதானால் 30 நாள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் கடந்தாலும் மேல்முறையீட்டை ஏற்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை.