பெருங்குடலைப் படம் எடுக்கும் ஸ்கேன்

"வெளிக்குப் போகையில ரத்தம் போகுது. மூலச் சூடுதான், தானா நிக்கும்" என்று சொல்லி நாளைக் கடத்துபவர்கள் நம் லயங்களில் பலர். வெட்கம் ஒரு பக்கம். ஒருநாள் பேர் போய்விடுமே என்ற கவலை மறுபக்கம். மூலமாகவே இருக்கலாம். ஆனால் சிலருக்கு அது பெருங்குடலில் வளரும் கட்டியின் அடையாளம். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெருங்குடல் ஏறத்தாழ 5 அடி நீளமானது. அதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை முளைகள் உண்டாகும். அவற்றில் சில மட்டும் மெல்ல மெல்ல, பல வருடங்கள் எடுத்து, புற்றுநோயாக மாறும். முன்கூட்டியே கண்டு அகற்றினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

குடலைப் பார்க்க வழக்கமான முறை, கமரா பொருத்திய நீண்ட குழாயைப் பின்வழியாகச் செலுத்துவது. இன்னொன்று சி.ரி. ஸ்கேன் மூலம் படம் எடுப்பது. இது 1994இல் அமெரிக்காவில் அறிமுகமானது.

இதற்கு முதல்நாள் இலகுவான உணவு மட்டுமே. பேதி மருந்தும் தருவார்கள். குடலில் மலம் தங்கினால் படத்தில் முளைபோலத் தெரிந்து ஏமாற்றிவிடும். ஆகவே சொன்னபடி செய்ய வேண்டும். சீனி வியாதிக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஸ்கேன் அறையில் ஒரு சிறு குழாயை ஆசனவாயில் சில அங்குலம் மட்டும் வைத்து, காற்றை ஏற்றுவார்கள். வயிறு உப்பினாற்போல இருக்கும். மல்லாக்கப் படுத்து ஒரு தடவை, குப்புறப் படுத்து ஒரு தடவை, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை. சுமார் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தப் படங்களைக் கம்பியூட்டர் ஒன்றுசேர்த்துக் குடலின் உட்புறத்தைக் காட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்கேன் பார்க்க மட்டுமே செய்யும். முளையை வெட்டி எடுக்காது. மிகச் சிறிய முளைகள் தப்பியும் விடலாம். சந்தேகம் இருந்தால் கமராக் குழாய்ச் சோதனை அவசியம். கதிர் பாவிப்பதால் கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்ல வேண்டும்.

மலத்தில் ரத்தம், சில வாரமாக மாறிய மலப்பழக்கம், காரணமில்லாத மெலிவு, ரத்தக்குறைவு – இவற்றில் எது இருந்தாலும் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். எந்தச் சோதனை வேண்டுமென்று டாக்டர் தீர்மானிப்பார்.

போன பேரை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம். நோயை மறைத்துக் காலத்தைப் போக்கினால், அதைத் திருப்பிப் பெற முடியாது.